ஆழத் தோண்டியவர்

2024 செப்டம்பர் முதல் தேதி. தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இரவெல்லாம் கொட்டிய மழையில் கேசமுத்திரம் அருகே ரயில் பாதை அறுந்தது. அறுந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. தண்டவாளங்கள் இருந்தன. சிலீப்பர்கள் அவற்றோடு ஒட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்கின. அடியில் கிடந்த ஜல்லியும் மண்ணும்தான் போன இடம் தெரியவில்லை. விஜயவாடாவுக்கும் காஜிபேட்டைக்கும் இடையே வண்டிகள் நின்றன. வடக்கே போகிற பல ரயில்கள் ரத்தாயின. சில சுற்று வழியில் திருப்பி விடப்பட்டன. முந்தைய நாள் அந்த இடத்தைக் கடந்த பயணிகளுக்கு ஜன்னல் வழியே எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

அதே பாதையில் தெற்கே சில நிலையங்கள் தள்ளி இருக்கிறது டோர்னகல் சந்திப்பு. பத்ராசலம் பக்கம் நிலக்கரி வயல்களுக்குப் போகும் கிளைப் பாதை பிரிகிற இடம். வண்டி மாறுவதற்காக இறங்குகிறவர்களுக்கு ஊரைப் பார்க்க நேரமிருக்காது. பார்க்கிறவர்கள் கண்ணில் ஒரு விநோதமான கட்டடம் படும். குவிமாடங்களையும் மினார்களையும் பார்த்தால் மசூதி மாதிரி இருக்கிறது. தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம். தாமரையும் சிலுவையும் சேர்ந்தே செதுக்கப்பட்டிருக்கின்றன. பல ஆண்டுகள் இழுத்து, 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட எபிபனி பேராலயம் இது. இதைக் கட்டியவர் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் 1874ல் பிறந்த ஒரு தமிழர். வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பிஷப்பான முதல் இந்தியர்.

கட்டடம் எழும்பத் தாமதமானதற்குப் பணமில்லாதது ஒரு காரணம். ஆனால் அந்த ஆண்டுகளில் அசரியாவின் நேரத்தையும் பலத்தையும் தின்றது வேறொரு கட்டுமானம். எழுத்து தெரியாத, நிலமில்லாத, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மாலா, மாதிகா குடும்பங்கள் ஊர் ஊராகக் கிறிஸ்தவர்களாகிக்கொண்டிருந்தன. இவர்களுடைய விசுவாசத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? சோறா, துரைமார்களின் தயவா, கும்பலோடு கும்பலாகப் போகும் வழக்கமா? ஒரு வெள்ளம் வந்தால் எத்தனை பேர் நிற்பார்கள்? கேள்வியை எதிரிகள் மட்டும் கேட்கவில்லை. மிஷனரிகளும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அசரியா அதை எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும். அவருடைய முப்பது ஆண்டு வேலை முழுவதும் அதற்குச் சொன்ன பதில் போலத்தான் இருக்கிறது.

அஸ்திபாரம் என்றவுடன் கிறிஸ்தவர்களுக்கு நினைவுக்கு வருவது கன்மலையின்மேல் வீடு கட்டினவன், மணலின்மேல் வீடு கட்டினவன் என்ற உவமை. ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் கையை ஆட்டி ஆட்டிப் பாடுகிற கதை. ஆனால் பலரும் கவனிக்காமல் விடுகிற இரண்டு விஷயங்கள் அதில் இருக்கின்றன. முதலாவது, இரண்டு பேருமே கேட்டவர்கள். போதனையைக் கேட்காதவன் ஒருவனும் கதையில் வரவில்லை. கேட்டதைச் செய்தவன், செய்யாதவன் என்ற வித்தியாசம் மட்டும்தான். ஆகவே இது சபைக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றிய கதையே இல்லை. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது.

இரண்டாவது, மத்தேயுவில் இல்லாத ஒரு சொல் லூக்காவில் இருக்கிறது. மத்தேயு சொல்வதைப் படித்தால் பாறை தயாராகக் கிடந்தது, புத்திசாலி அதைத் தேர்ந்தெடுத்தான் என்று தோன்றும். லூக்கா, அவன் ஆழமாகத் தோண்டினான் என்கிறார். பாறை மேலே தெரியவில்லை. மேலே இருந்தது இரண்டு பேருக்கும் ஒரே மண்தான். ஒருவன் அதோடு நிறுத்திக்கொண்டான். மற்றவன் பாறை தட்டுப்படும் வரை தோண்டினான். கோடையில் வறண்டு கிடக்கிற ஓடைப் படுகையில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று பாலஸ்தீனத்துக்காரர்களுக்குத் தெரியும். டோர்னகல் வட்டாரத்தில் வாகு என்று அழைக்கப்படும் காட்டோடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் தெரியும்.

அசரியாவின் தகப்பனார் தாமஸ் வேதநாயகம் கிறிஸ்தவராக மாறியவர்; பிறகு கிராமத்துப் போதகர். மகனுக்குப் பதினைந்து வயதாகும்போது இறந்துவிட்டார். அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார், 1895ல் ஒய்.எம்.சி.ஏ. காரியதரிசி ஆனார். தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். 1902ல் யாழ்ப்பாணம் போனபோது அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், தங்கள் சொந்தக் காசில் கடல் கடந்து தமிழ்நாட்டின் ஒரு மூலைக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியில் அவர்களைப் போலப் பல மடங்கு கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். பெரிய பெரிய ஆலயங்கள், பள்ளிக்கூடங்கள், அறுப்பின் பண்டிகைகள். ஆனால் வெளியே ஒருவரையும் அனுப்பவில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட சபை, இன்னும் வெள்ளைக்கார மிஷனரியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

அடுத்த ஆண்டே, 1903ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. இந்தியரின் பணம், இந்தியரான ஊழியர்கள், இந்தியரின் நிர்வாகம் என்பது கொள்கை. அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் ஆட்சியிலிருந்த டோர்னகல். மொழி வேறு, சோறு வேறு, ராஜாங்கமே வேறு. முதல் ஊழியர் 1904ல் போனார். அசரியா ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, 1909ல் தானே அங்கே போய்ச் சேர்ந்தார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேற்கத்தியர்கள் தங்கள் பொருளையும் உயிரையும் கொடுத்துவிட்டார்கள், சிநேகத்தை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை என்ற பொருளில் பேசி அவர்களைச் சங்கடத்தில் நெளிய வைத்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அவரைப் பிஷப்பாக அபிஷேகம் செய்தார்கள். ஓர் இந்தியனின் கீழ் வெள்ளைக்காரக் குருமார்கள் வேலை செய்வதா என்ற முணுமுணுப்பு இருந்தது. தமிழர் ஒருவர் எதற்கு என்ற முணுமுணுப்பு தெலுங்கர்களிடையேயும் பிறகு எழுந்தது. முணுமுணுப்புகளுக்கு இங்கே இடமில்லை. அவர் செய்த வேலையில்தான் விஷயம் இருக்கிறது.

ஞானஸ்நானம் கேட்டு வருகிற ஒரு மாலா குடியிருப்பை நினைத்துப் பார்க்கலாம். பகலெல்லாம் பண்ணையாரின் வயலில் வேலை, கூப்பிட்ட நேரத்துக்குக் கூலியில்லாத வெட்டி வேலை. ராத்திரிதான் சொந்த நேரம். ஆகவே பாடமும் ராத்திரிதான். ஓர் உபதேசியார் அந்தக் குடியிருப்பிலேயே குடும்பத்தோடு வந்து தங்குவார். பெரிய படிப்பாளி இல்லை. சில சமயம் போன தலைமுறையில் அதே போன்ற குடியிருப்பிலிருந்து வந்தவர். லாந்தர் வெளிச்சத்தில் கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை ஆகியவற்றை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பார். வேதாகமக் கதைகளைத் தெலுங்குக் கீர்த்தனைகளாகப் பாடிக் காட்டுவார். தூங்கி விழுகிறவர்களை எழுப்புவார். மறுநாள் மறந்துபோயிருப்பார்கள். மறுபடியும் சொல்லுவார். மாதக் கணக்கில் இது நடக்கும்.

இதில் சாகசம் ஏதும் கிடையாது. மிஷனரிப் பத்திரிகைகளில் படம் போடவும் முடியாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் மனப்பாடமாக வைத்திருக்கிற சொற்களுக்கு ஒரு மரியாதை உண்டு. புத்தகத்தைப் பறித்துக்கொள்ளலாம், உபதேசியாரை ஊரைவிட்டுத் துரத்தலாம், மனதில் ஏறிய சொல்லை யாரும் எடுக்க முடியாது. வீட்டில் சாவு விழுந்த ராத்திரியிலும், பண்ணையார் வேலையை நிறுத்திவிட்ட காலையிலும் அந்த மனிதனிடம் சொல்லிக்கொள்வதற்குச் சில வரிகள் இருந்தன. இன்றைக்கு ‘உருப்போடுவது’ என்றால் கல்வியாளர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் ஒரு முறை அந்த லாந்தர் பள்ளிக்கூடங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

பிஷப் ஊர் ஊராகப் போனார். பெரும்பாலும் மாட்டு வண்டியில். போகிற இடத்திலெல்லாம் நான்கு பிசாசுகளைப் பற்றிப் பேசினார்: அழுக்கு, நோய், கடன், குடி. மோட்சத்தைப் பற்றிப் பேச வந்தவர் கிணற்றடியைப் பற்றியும் லேவாதேவிக்காரனின் வட்டியைப் பற்றியும் பேசினார். அவருக்கு இவை வேறு வேறு விஷயங்களாகத் தெரியவில்லை. கேட்டதைச் செய்வதுதான் தோண்டுவது என்றால், செய்ய வேண்டிய இடம் குடிசை வாசலும் சாராயக் கடை வாசலும்தானே. அவருடைய மனைவி அன்பு மாரியம்மாள், தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிக்கட்டு ஏறிய முதல் சிலரில் ஒருவர். டோர்னகலில் பெண்களிடையே நடந்த வேலையில் பெரும் பங்கு அவருடையது. வரலாறு வழக்கம் போல அவருக்குக் குறைவான பக்கங்களே ஒதுக்கியிருக்கிறது.

ஞானஸ்நானத்தின்போது அசரியா ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். தண்ணீரிலிருந்து எழுந்தவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்துக்கொண்டு, தான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தனக்கு ஐயோ என்று பவுல் அப்போஸ்தலன் எழுதியதைத் தங்கள் சொந்தச் சொல்லாகச் சொல்ல வேண்டும். நேற்று வரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனிதனிடம், உன்னிடம் ஊருக்குச் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கிறது என்று சொல்கிற சடங்கு இது. ஆண்டுக்கு ஒரு வாரம் ‘சாட்சி வாரம்’. சபையார் ஆணும் பெண்ணுமாகப் பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பினார்கள். சம்பளமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தெரிந்த கொஞ்சத்தைச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அது அவர்களுக்குள்ளும் இறங்கியது. கற்றுக் கொடுக்கிறவன்தான் நன்றாகக் கற்றுக்கொள்கிறான் என்பது எந்த வாத்தியாருக்கும் தெரிந்த ரகசியம்.

1930களில் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. மாலா, மாதிகா குடியிருப்புகளில் குடி குறைந்ததையும், பிள்ளைகள் படிக்கப் போனதையும், சண்டைகள் ஓய்ந்ததையும் பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள், ஆதிக்க சாதிகளைச் சேர்ந்தவர்கள், தாங்களும் சபைக்கு வரத் தொடங்கினார்கள். ஒதுக்கப்பட்டவன் கும்பிடுகிற சாமியை ஒதுக்கியவன் தேடி வந்தது அந்தக் கிராமங்களின் சரித்திரத்தில் சாதாரண விஷயமில்லை. 1940களின் தொடக்கத்தில் டோர்னகல் திருமண்டலத்தின் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

இந்த எண்ணிக்கைதான் காந்தியை உறுத்தியது. 1936ல் தன்னைச் சந்தித்த அமெரிக்கக் கிறிஸ்தவத் தலைவர் ஜான் மாட்டிடம், ஒரு பசுவிடம் போய்ச் சுவிசேஷம் பிரசங்கிப்பீர்களா என்று கேட்டார். தீண்டாதார் சிலருடைய புரிந்துகொள்ளும் சக்தி அதைவிடவும் குறைவு என்ற அர்த்தத்தில் பேசினார். காந்தியின் நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வறுமையை மதமாற்றத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. அப்படிப் பயன்படுத்திய மிஷனரிகளும் இருந்தார்கள். ஆனால் அந்த ஒப்பீடு அவருடைய பேச்சுகளில் மறக்கத் தக்க ஒன்று. அசரியா கதர் உடுத்திய காங்கிரஸ்காரர் அல்ல, ஆனால் தேசியவாதி. கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர். இந்த ஒரு விஷயத்தில் அவரால் காந்தியோடு ஒத்துப்போக முடியவில்லை. ஏழைக்கு வயிறு மட்டும்தான் இருக்கிறது, ஆத்மா இல்லை என்கிறீர்களா என்பதே அவருடைய வாதத்தின் சாரம். கூலிக்காரனால் கடவுளைப் பற்றி யோசிக்க முடியாது என்று சொல்வதும் ஒரு வகைத் தீண்டாமைதான்.

நோக்கம் சுத்தமாக இருந்ததா என்ற கேள்விக்கு வாதத்தால் மட்டும் பதில் சொல்ல முடியாது. அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரியான வாஸ்கம் பிக்கெட் இந்தியாவில் நடந்த கூட்டம் கூட்டமான மதமாற்றங்களைப் பல பகுதிகளில் ஆராய்ந்து 1933ல் வெளியிட்டார். ஏன் கிறிஸ்தவர்களானீர்கள் என்று கேட்டு, வந்த பதில்களை வகைப்படுத்தினார். ஆன்மிகக் காரணம் சொன்னவர்கள் உண்டு. பண்ணையாரின் கொடுமையிலிருந்து தப்பிக்க என்றவர்களும், சொந்தக்காரர்கள் மாறினார்கள், நாங்களும் மாறினோம் என்றவர்களும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தோம் என்பது ஒரு வகை. பிக்கெட் கண்டது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. எதற்காக வந்தார்கள் என்பதைவிட, வந்த பிறகு அவர்களுக்கு என்ன போதனை கிடைத்தது, யார் கவனித்துக்கொண்டார்கள் என்பதே அவர்களுடைய விசுவாசம் எப்படி நின்றது என்பதை அதிகம் தீர்மானித்தது. தப்பிப்பதற்காக வந்தவர்கள் பலர் உறுதியான கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். உயர்ந்த காரணத்தோடு வந்து, கற்பிக்க ஆளில்லாமல் விடப்பட்டவர்கள் தேய்ந்துபோயிருந்தார்கள்.

அதாவது எல்லோரும் மணலில்தான் தொடங்குகிறார்கள். இந்த முடிவு வேறொரு பக்கமும் வெட்டுகிறது. பரம்பரைக் கிறிஸ்தவர்கள், நான்கு தலைமுறையாக அதே பெஞ்சில் உட்காருகிறவர்கள், பிறந்ததே ஒரு காரணமாக இருக்கிறவர்கள், அவர்களும் யாரோ தோண்டியதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தாத்தா தோண்டிய அஸ்திபாரம் பேரனுக்குச் சொத்தாக வருவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய அசரியா தன் சொந்தத் திருநெல்வேலியில் பார்த்தது இதைத்தான்.

அசரியா காணிக்கை கொடுப்பதைப் பற்றி விடாமல் போதித்தார். அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கஞ்சிக்கு வழியில்லாதவனிடம் போய்க் காணிக்கை கேட்பதா என்று கடிந்துகொண்டவர்கள் உண்டு. அவருடைய கணக்கு வேறு. வாங்கிக்கொண்டே இருக்கிறவன் நிமிர்ந்து நிற்கமாட்டான் என்று நினைத்தார். பணமில்லாதவர்கள் தானியமும் கோழியும் கொண்டுவந்தார்கள். கை நீட்டிப் பழகியவன் கை திறந்து கொடுக்கிற அந்த நிமிஷத்தில் அவனுக்குள் ஏதோ மாறுகிறது.

இதே உண்மையை நாட்டின் மறு கோடியில் வேறு விதமாகப் பார்க்கலாம். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் சோறு வடிக்கும் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுகிறார்கள். ‘புஃபாய் தாம்’ என்று பெயர். 1910ல் தொடங்கிய பழக்கம். சபை அதைச் சேகரித்து விற்கிறது; ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் சேருகிறது; அதில் வெளி மாநிலங்களுக்கு ஊழியர்கள் போகிறார்கள். திருநெல்வேலி வீடுகளிலும் பிடியரிசி தெரியாத விஷயமில்லை. பணத்தின் அளவைப் பார்த்து வியப்பவர்கள் வியக்கட்டும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வருஷத்துக்கு எழுநூறு தடவைக்கு மேல், யாரும் பார்க்காத சமையலறையில் ஒரு பெண் தன் விசுவாசத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிறாள் என்பது. அன்றைக்குப் பக்தி பொங்கியதா வறண்டதா என்பது அரிசிக்குத் தெரியாது.

இப்போதைய கிறிஸ்தவச் சூழலில் பொங்குவதற்குத்தான் மவுசு. மைதானம் நிறைந்த கூட்டம், கண்ணைப் பறிக்கும் விளக்குகள், மேடையில் சாட்சி சொல்ல வரிசை, அந்த மாதத்துக்கான ஆசீர்வாத வாக்குத்தத்தம் கைப்பேசியில் வந்து சேர்ந்துவிடுகிறது. வேலை கிடைக்கும், விசா கிடைக்கும், வியாதி போகும். அழுது பாடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைக் கேலி செய்யத் தேவையில்லை. ஆறுதலில்லாத ஊரில் ஆறுதல் எங்கே கிடைத்தாலும் மனிதர்கள் போவார்கள். விசா கிடைக்காதவன் அடுத்த வாரம் என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி. அவனுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான் என்றால், விசா கைவிட்டபோது கடவுளும் கைவிட்டதாகத்தான் நினைப்பான். லாந்தர் வெளிச்சத்தில் கற்றவனுக்கு யாரும் நிலம் கிடைக்கும் என்று வாக்களிக்கவில்லை. சிலுவையில் செத்தவரைப் பற்றித்தான் சொல்லியிருந்தார்கள். தன்னைப் போலவே அடிபட்ட ஒருவரைக் கடவுள் என்று கேட்டபோது அவனுக்கு விளங்கியது, மைதானத்தின் முன் வரிசையில் இருப்பவர்களுக்கு விளங்குவது சிரமம்.

அசரியாவும் எல்லாவற்றையும் தோண்டி முடித்துவிடவில்லை. மாலாக்களும் மாதிகாக்களும் ஒரே பந்தியில் உட்கார மறுத்த கதைகள் சபைக்குள்ளேயே நடந்தன. இன்றைக்கும் பிஷப் தேர்தல் வந்தால் திருமண்டலங்களில் சாதிக் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவருடைய சொந்தச் சீமையிலும்கூட. தென்னிந்தியத் திருச்சபை ஒன்றிணைய வேண்டும் என்று 1919ல் தரங்கம்பாடியில் கூடியதிலிருந்து பாடுபட்டவர், 1947 செப்டம்பரில் அது உருவானபோது உயிரோடு இல்லை. 1945 ஜனவரி முதல் தேதி டோர்னகலிலேயே இறந்தார்.

அவர் இறந்து ஐந்து ஆண்டுகளில் அந்த வெள்ளம் வந்தது. அது அரசாணை வடிவத்தில் வந்ததால் யாருக்கும் வெள்ளமாகத் தெரியவில்லை. 1950ல் ஜனாதிபதி பிறப்பித்த ஆணை, இந்து மதத்தைச் சேராத யாரையும் தாழ்த்தப்பட்டோராகக் கருதக் கூடாது என்றது. 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆந்திரத்தில் கிறிஸ்தவரான தாழ்த்தப்பட்டோரைப் பிற்படுத்தப்பட்டோர் ‘சி’ பிரிவில் வைத்தார்கள். தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீத இட ஒதுக்கீடு. ‘சி’ பிரிவுக்கு ஒரு சதவீதம்.

அந்த மாலா உபதேசியாரின் பேரன் பத்தாம் வகுப்பு முடித்து மண்டல அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கிறான். மதம் என்று ஒரு கட்டம். தலையில் கை வைத்துத் தாத்தா சொன்ன சொல் ஒரு பக்கம், பதினைந்துக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம் மறு பக்கம். ஆந்திர, தெலங்கானா கிராமங்களில் பல்லாயிரம் குடும்பங்கள் இந்தக் கட்டத்தில் ‘இந்து’ என்று எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகின்றன. பாளையங்கோட்டை நாடார் கிறிஸ்தவருக்கு இந்தத் தர்மசங்கடம் கிடையாது. தமிழ்நாட்டில் நாடார் இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும் பிற்படுத்தப்பட்டோர்தான். ஆகவே டோர்னகல் பக்கத்து ஏழையைப் பார்த்து உனக்கு விசுவாச தைரியம் போதாது என்று சொல்ல அவருக்கு யோக்கியதை குறைவு. அசரியாவின் சொந்தக்காரர்கள் பைசா செலவில்லாமல் வைத்திருக்கும் பெயர் அது.

2022ல் மத்திய அரசு, உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இந்த விஷயத்தை ஆராய ஒரு கமிஷன் அமைத்தது. 2025ல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகர் கொடுத்த வழக்கில், கிறிஸ்தவரானவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்றது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது காரணம். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறவன், திட்டப்படுகிறவன் எந்த மதம் என்று விசாரித்துவிட்டா திட்டுகிறான்? கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று நீதிமன்றங்கள் நம்புகிற அளவுக்குச் சபைகள் அதை நம்பியிருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கும்.

சான்றிதழில் ‘இந்து’ என்று எழுதியவனின் அஸ்திபாரம் மணலா? சில போதகர்கள் அப்படித்தான் பிரசங்கிக்கிறார்கள். பேதுரு மூன்று தரம் மறுதலித்ததை நினைவூட்டுகிறார்கள். பேதுருவைத்தான் இயேசு கன்மலை என்று அழைத்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்லலாம். மறுதலித்த ராத்திரிக்குப் பிறகும் அவனை ஒருவர் தேடி வந்தார். கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிடக் கூப்பிட்டு, மறுத்ததற்கு ஈடாக மூன்று தரம் கேள்வி கேட்டார். தண்டனை ஏதும் கொடுக்கவில்லை. ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இன்னொரு பக்கம், பிள்ளையின் படிப்பு போனாலும் போகட்டும் என்று அந்தக் கட்டத்தில் ‘கிறிஸ்தவன்’ என்றே எழுதிய கூலிக்காரர்களும் அதே குடியிருப்புகளில் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை.

அந்த ஊர்களில் அறுப்பின் பண்டிகை இன்னும் நடக்கிறது. ஆராதனை முடிந்தவுடன் பீடத்துக்கு முன்னால் குவிந்திருக்கும் பூசணியும் சுரைக்காயும் சோளக் கதிரும் கோழியும் முற்றத்துக்கு வந்து ஏலத்துக்கு நிற்கும. கடையில் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற சுரைக்காய் இருநூறுக்குப் போகும். கேட்கிறவர்களில் ‘சி’ பிரிவுக்காரரும் இருப்பார், சான்றிதழ்ப்படி இந்துவும் இருப்பார். விலையை ஏற்றி விடுவதில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை.